கட்டத்துக்குப் பக்கத்தில் பூ

திருத்தங்கல், சாட்சியாபுரம் பக்கம் காலையில் ரோட்டோரம் பட்டாசுக் கம்பெனி வண்டிக்கு நிற்கிற பெண்களைக் கவனித்துப் பாருங்கள். பூப்போட்ட சேலை. அதன் மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை, அனேகமாகக் கட்டம் போட்டது. தோளில் கோடு போட்ட துண்டு. பூ, கட்டம், கோடு மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கும், ஒன்றுக்கொன்று முட்டாது. தையல் பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது இவர்களைத்தான். பிரிண்ட்டோடு பிரிண்ட் சேர்த்து உடுத்துகிற படம் இப்போது போனில் நிறைய வருகிறது. "இதே மாதிரி தச்சுப் பழகணும்க்கா" என்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். தாராளமாகப் பழகலாம். ஆனால் அதற்கான பாடம் நம் தெருவிலேயே நடந்து போகிறது. அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள் என்பேன்.

அந்தப் பெண்கள் எடுத்தது டிசைனைப் பார்த்து அல்ல, துணியைப் பார்த்து. கம்பெனிக்குக் காட்டன்தான் உடுத்திப் போக வேண்டும். நைலானும் பாலியஸ்டரும் உடம்போடு உரசினால் நிலைமின்சாரம் சேரும். காற்றில் ஈரம் இல்லாத நம் வெயில் காலத்தில் இன்னும் அதிகம். மருந்து கலக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத பொறி ஒன்று போதும். தீ பிடித்துவிட்டால் காட்டன் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டரோ உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்பெனிக்குப் போகிறவர்களுக்குத் தைக்கும்போது நான் காட்டன் லைனிங்தான் வைப்பேன். பளபளக்கிற கிரேப் லைனிங் மீட்டருக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடுவதில்லை. தைக்கிற நூலும் காட்டன் நூல். சட்டையில் பாக்கெட் இருந்தால் பிரித்து எடுத்துவிடுவேன். பையில் ஊக்கு, சாவி, சில்லறை என்று எதுவும் தங்கக் கூடாது. குஞ்சம், தொங்குகிற நாடா, அகலக் கை எல்லாம் வீட்டு விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்படி எல்லாம் ஒரே இனத் துணியாக அமைந்துவிட்டால் டிசைன் பாதிக்கு மேல் தானே ஒத்துப்போகும். காட்டனில் வெளிச்சம் பட்டால் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும். கட்டமும் பூவும் ஒரே அளவு துவண்டு விழும். பளபளப்பான சாட்டின் பூவுக்குப் பக்கத்தில் மங்கலான காட்டன் கட்டத்தை வைத்தால், கலர் எவ்வளவு பொருந்தினாலும் ஒட்டவைத்தது போலத்தான் நிற்கும். பிள்ளைகள் இரண்டு துணியைக் கொண்டுவந்து "இது சேருமாக்கா?" என்று கேட்டால் நான் டிசைனைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒன்று விறைத்து நின்று மற்றது சரிந்து விழுந்தால் அங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

இது என் மாஸ்டரிடமிருந்து வந்த பழக்கம். விருதுநகர் மெயின் பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் சின்னக் கடை வைத்திருந்தார். அடிப்படையில் சட்டைத் தையல்காரர். கட்டம் போட்ட சட்டை தைத்தே கண் பழுத்தவர். அந்தக் காலத்தில் தையல்காரரைக் கட்டச் சட்டையில் வைத்துத்தான் எடைபோடுவார்கள். முன்பட்டியில் இடது பக்கக் கோடும் வலது பக்கக் கோடும் ஒன்றாகச் சேர வேண்டும். பாக்கெட்டைத் தைத்து முடித்தபின் அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். மாஸ்டர் பாக்கெட்டை முதலில் வெட்டவே மாட்டார். முன்துண்டு இரண்டையும் வெட்டி, பாக்கெட் வரும் இடத்தில் மிச்சத் துணியை வைத்து, கோட்டின் மேல் கோடு உட்காரும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். உட்கார்ந்ததும் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அடுத்த கையால் சாக்பீஸ் போடுவார். அந்தப் பெருவிரல் நகத்தின் ஓரம் எப்போதும் நீலமாக இருக்கும்.

பெண்கள் துணிக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கடை வாசலில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருப்பார். எந்த இரண்டு துணி சேர வேண்டுமோ அவற்றை அதில் பக்கத்தில் பக்கத்தில் போடுவார். "ஏம்மா, ரோட்டுக்குப் போ. எதிர்க் கடை வாசல்ல நின்னு கண்ணைச் சுருக்கிப் பாரு" என்பார். போய்ப் பார்த்தால் மேசையில் கண்டது ஒன்றும் இருக்காது. பொடிப் பூ பூவாகத் தெரியாது, வெறும் நிறமாகிவிடும். வெள்ளையில் சிவப்புப் புள்ளி போட்ட துணி தூரத்தில் ரோஸ் துணி. மஞ்சளில் நீலப் பொடிப்பூ நெருக்கமாக இருந்தால் சாம்பல் தட்டும். ஜாக்கெட்டுக்குக் கலர் பார்க்கிறவர்கள் சேலையில் இருக்கிற சிவப்புக்குச் சிவப்பு தேடி அலைவார்கள். வீட்டுக்குப் போய்க் கட்டிப் பார்த்தால் ஜாக்கெட் மட்டும் தனியாக எகிறி நிற்கும். தேட வேண்டியது அந்த ரோஸை. எதிரில் வருகிறவர் பார்க்கப்போவது அதைத்தானே.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இங்கே வீட்டுக்கொருவர் ஆப்செட் பிரஸ்ஸில் இருப்பார். அவர்களிடம் சின்ன லென்ஸ் ஒன்று இருக்கும். அச்சடித்த காலண்டர் படத்தின் மேல் அதை வைத்துப் பார்த்தால் சாமி முகம் போய்விடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறப் புள்ளிகள் மட்டும் கிடக்கும். லென்ஸை எடுத்தால் முகம் திரும்பி வந்துவிடும். என்னிடம் பழகுகிற பிள்ளைகளை அந்த லென்ஸை ஒருநாள் இரவல் வாங்கிவரச் சொல்லி, துணியையும் காலண்டரையும் மாற்றி மாற்றிப் பார்க்க வைப்பேன். பொடிப் பிரிண்ட்டை நிறமாக எண்ணுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி நான் கண்டதில்லை.

அடுத்தது பிரிண்ட்டின் அளவு. பருப்பு வியாபாரத்து ஊர்க்காரர் என்பதால் மாஸ்டருக்கு எல்லாமே தானியக் கணக்கு. கடுகு, துவரை, மொச்சை. அதற்கு மேல் உள்ளங்கை. கடுகளவுப் பூவும் மொச்சையளவுப் பூவும் சேரும். துவரையும் உள்ளங்கையும் சேரும். கடுகும் துவரையும் சேர்ந்தால்தான் தொந்தரவு. எது பெரிது, எது சிறிது என்று கண் முடிவு செய்ய முடியாமல் இரண்டுக்கும் நடுவில் அலையும். சின்னதைப் போல மூன்று பங்காவது பெரியது இருக்க வேண்டும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். டேப் வைத்து அளக்க வேண்டாம். பூவின் மேல் விரலை வைத்துப் பாருங்கள்: ஒன்று விரல் நுனிக்குள் மறைந்து, மற்றது இரண்டு மூன்று விரல் தாண்டினால் சரி.

பூவோடு பூ சேர்ப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அதற்கு நான் தரையைப் பார்ப்பேன். தரை என்றால் பூவுக்குப் பின்னால் இருக்கிற நிறம். இரண்டு பூத்துணியும் வெள்ளைத் தரையாக இருந்தால் ஒரே துணியை வாங்கும்போது கடையில் தீர்ந்துபோய் வேறு எடுத்தது போல இருக்கும். ஒன்று வெள்ளைத் தரையில் கருநீலப் பூ, மற்றது கருநீலத் தரையில் வெள்ளைப் பூ என்று புரட்டிப் போட்டால் உடனே ஜோடியாகிவிடும். மசூலிப்பட்டினம் கலம்காரி பிளாக் பிரிண்ட்டில் இது எப்போதும் கைகொடுக்கும். சந்தனத் தரை, கறுப்புத் தரை, செங்கல் சிவப்புத் தரை என்று ஒரே மூன்று நான்கு நிறங்களை அவர்கள் மாற்றி மாற்றி ஆடுவதால் எதை எடுத்தாலும் இன்னொன்றோடு உறவு இருக்கும். ஸ்கிரீனில் அடித்து அதே பெயரில் விற்கிற துணியில் அந்த உறவு இருக்காது. பச்சை ஒரு மாதிரி, சிவப்பு வேறு மாதிரி. அதை விற்கட்டும், தப்பில்லை. சேர்க்கும்போது மட்டும் நீங்களே கலரைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடு யாரோடும் போகும். கட்டமும் பூவும் சேர வேண்டுமானால் கட்டத்தின் ஒரு கோட்டு நிறமாவது பூவின் இதழிலோ காம்பிலோ இருக்க வேண்டும். மெல்லிய கோட்டு நிறமாக இருந்தால் இன்னும் நல்லது. அது எங்கே இருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, இரண்டும் ஏன் பொருந்துகிறது என்றும் தெரியாது. கட்டத்தோடு கட்டம் எடுப்பதென்றால் செட்டிநாட்டுக் கண்டாங்கியைப் பாருங்கள். பெரிய கட்டத்துக்கு அகலமான கரை, முந்தியில் கோடு. கடுகு மஞ்சள், அரக்கு, கறுப்பு என்று நிறத்தைக் கொஞ்சத்தில் நிறுத்திக்கொண்டு அளவில் மட்டும் விளையாடியிருப்பார்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே வயலில் நின்ற பெண்கள் அதைக் கட்டி அதன் அழகை நிரூபித்துவிட்டார்கள்.

புள்ளிக்கு மதுரைச் சுங்குடி. அதற்கு 2005இலேயே புவிசார் குறியீடு. சௌராஷ்டிரப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, பிறகு பிரிப்பார்கள். முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. கையால் போட்டது என்பதால் ஒரு புள்ளியைப் போல மறுபுள்ளி இருக்காது. சில இடத்தில் நெருங்கும், சில இடத்தில் விலகும். பிரிண்ட் சுங்குடியில் புள்ளி அளவெடுத்தாற்போல வரிசையில் நிற்கும். சேர்ப்பதற்கு எனக்குக் கை முடிச்சுப் புள்ளிதான் உசத்தி. வரிசை கொஞ்சம் தளர்ந்திருப்பதால் பக்கத்துப் பூவோ கட்டமோ மூச்சுவிட இடம் கிடைக்கிறது. உண்மையான முடிச்சுச் சுங்குடி புதிதாக இருக்கும்போது புள்ளிக்குப் புள்ளி சிறு சுருக்கம் இருக்கும். இஸ்திரி போட்டு அதை அமுக்கிவிட்டு வெட்டாதீர்கள். துவைத்ததும் துணி தன் இஷ்டத்துக்குப் போகும், ஜாக்கெட்டின் அளவு மாறிவிடும்.

இனி வெட்டு மேசைக்கு வரலாம். இரண்டு பிரிண்ட் சேர்கிற தையலை எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் யோக். ராஜபாளையத்துக்கு அடுத்த தளவாய்புரம், செட்டியார்பட்டிப் பக்கம் போனால் நைட்டி தைக்கிற மிஷின் சத்தம் தெருவெல்லாம் கேட்கும். அந்த நைட்டிகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்புக்குப் பெரிய பூ, நெஞ்சுப் பக்கம் யோக்குக்கு வேறு துணி. பொடிப் புள்ளியோ கோடோ. நடுவில் ஒரு பைப்பிங். பீஸ் கணக்கில் தைக்கிற கைகள்தான், நின்று யோசிக்க நேரமில்லை. ஆனாலும் எந்தப் பூவுக்கு எந்த யோக் என்று எடுத்து வைக்கிறவரின் கண் பத்து நைட்டியில் எட்டில் சரியாகவே இருக்கும். முகத்துக்குப் பக்கத்தில் பொடி, கீழே பெரிது. பெரிய பூ நெஞ்சில் வந்தால் ஒரு பூ பாதியாக வெட்டுப்படும். கீழே அது முழுசாக விரிந்து கிடக்கும்.

அந்தப் பைப்பிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு பிரிண்ட் நேரடியாக ஒட்டினால் தையல் கோடு காணாமல் போய் டிசைன் ஒன்றுக்குள் ஒன்று வழியும். நடுவில் பிளெய்ன் துணியில் ஒரு கோடு வந்தால் இரண்டும் அவரவர் எல்லைக்குள் நின்றுகொள்ளும். துணியைக் குறுக்கே, சரியாக 45 பாகையில் மடித்து, ஓர் அங்குல அகலத்துக்கு நாடா வெட்டுங்கள். நேர்வாட்டத்தில் வெட்டிய நாடா வளைவில் திரும்பாது, கழுத்தில் சுருங்கி நிற்கும். நாடாவை இரண்டாக மடித்து, மடிப்பு ஓரம் வெளியே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் தெரியாதபடி வைத்துத் தையுங்கள். மூன்றானால் தடிப்பு, ஒன்றானால் தையல் பிசகியது போல இருக்கும். மிஷினை விரட்டாமல் ஒவ்வொரு சாணுக்கும் நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, துணியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கோடு போட்ட துணியிலேயே குறுக்கே நாடா எடுத்தால் பைப்பிங்கில் சாய்வுக் கோடு வரும். பூத்துணி இரண்டுக்கும் நடுவில் அது எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று தைத்துப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் துணிக்குத் தலை எது, கால் எது என்று பாருங்கள். ஒருமுறை பழகுகிற பிள்ளை ஒருத்தி கிளி போட்ட துணியைச் சிக்கனமாக மடித்து, முன்துண்டை ஒரு பக்கமும் பின்துண்டைத் திருப்பி மறுபக்கமும் போட்டு வெட்டிவிட்டாள். துணி கால் மீட்டர் மிச்சமானதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். தைத்துத் திருப்பினால் முன்னால் கிளி உட்கார்ந்திருக்கிறது, முதுகில் தலைகீழாகத் தொங்குகிறது. துணிக்காரம்மா திருவில்லிபுத்தூர்க்காரர். ஆண்டாள் கையில் தினமும் புதுக்கிளி வைக்கிற ஊரில் பிறந்தவரிடம் தலைகீழ்க் கிளியைக் கொடுக்க முடியுமா? பின்துண்டுக்கு ஒரு வழி பார்த்தோம். கிளியின் பச்சையிலேயே பொடிக் கோடு போட்ட துணி எடுத்து, முதுகு முழுக்க அதை வைத்து, கை ஓரத்தில் மட்டும் இரண்டங்குலம் அதே கோட்டைச் சுற்றிக் கொடுத்தோம். கை ஓரத்தில் அந்தக் கோடு வந்ததால்தான் முதுகுத் துணி வேண்டுமென்றே வைத்ததாகத் தெரிந்தது. ஒரு பிரிண்ட்டை ஓரிடத்தில் மட்டும் வைத்தால் ஒட்டுப்போட்டது போலிருக்கும். இன்னோர் இடத்தில் கொஞ்சமாகத் திரும்ப வந்தால் கண் ஏற்றுக்கொள்ளும். அந்தப் பிள்ளை இப்போது துணியை விரித்ததும் முதலில் ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுகிறாள்.

ஒருபக்க டிசைனுக்குத் துணி கூடுதலாக எடுக்கச் சொல்லுங்கள். பூ எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறதோ அத்தனை அங்குலம் ஒவ்வொரு துண்டுக்கும் சேதமாகும். கைத்தறிக் கட்டத்தை இரட்டை மடிப்பில் வெட்டாதீர்கள். அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த கட்டமானாலும் வேறெங்கும் நெய்ததானாலும், ஊடை அடிக்கிற கை காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி விழும். மேல் மடிப்பில் நேராக இருக்கிற கோடு கீழ் மடிப்பில் அரை அங்குலம் தள்ளியிருக்கும். ஒற்றையாக விரித்து ஒரு துண்டை வெட்டி, அதையே கவிழ்த்து வைத்து, கோட்டின் மேல் கோடு பார்த்து அடுத்ததை வெட்டுங்கள். நேரம் இரட்டிப்பாகும். ஆகட்டும்.

இதெல்லாம் புதிதா என்றால் இல்லை. பாவாடை தாவணியில் மூன்று துணி இருந்தது. பாவாடையும் ஜாக்கெட்டும் ஒரே பூவில், தாவணி வேறு. அல்லது பாவாடையின் கரை நிறத்தில் ஜாக்கெட், தாவணியில் மெல்லிய புள்ளி. நம் அம்மாமார் அளவும் தரையும் பார்க்காமல் அதை எடுத்திருக்க மாட்டார்கள். நடுவில் மேட்சிங் சென்டர்கள் வந்தன. டூ பை டூவிலும் ரூபியாவிலும் அலமாரி நிறைய நூறு நிறம், சேலையின் ஓரத்தை வைத்து ஒப்பிட்டு ஒரே நிறத்தில் பிளெய்னாக வாங்கிவந்தோம். கண் சோம்பலானது அப்போதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம். இப்போது பிளெய்ன் சேலைக்குப் பிரிண்ட் ஜாக்கெட், பூச்சேலைக்குக் கட்ட ஜாக்கெட் என்று பிள்ளைகள் திரும்பக் கேட்கும்போது மனசு நிறைகிறது. ஒன்றே ஒன்று: மூன்று பிரிண்ட்டுக்கு மேல் போகிறவர்கள் நான்காவதை ஷாலில் வைக்காமல் உள்பட்டியில் வையுங்கள். கைமடிப்பைத் திருப்பினால் தெரிகிற பட்டி, கழுத்தின் உட்புறம். உடுத்துகிறவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

கம்பெனிக்குப் போகிறவர்கள் எடுக்கிற பிரிண்ட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அலுமினியப் பவுடர் பட்டால் வெள்ளிச் சாம்பலாக ஒட்டிக்கொள்ளும், லேசில் போகாது. அதனால் அடர்ந்த தரை, நெருக்கமான பொடிப்பூ. பிளெய்ன் கறுப்பில் பவுடர் பளிச்சென்று தெரியும், வெள்ளையில் அழுக்காகத் தெரியும். மெரூனிலும் கரும்பச்சையிலும் பொடிப்பூ நெருங்கிக் கிடந்தால் கறை பூவுக்குள் போய்விடும். ஒரு அக்கா எனக்குச் சொல்லித் தந்தது இது. அதன் பிறகு யார் வேலைக்கென்று தைக்கக் கேட்டாலும், என்ன வேலை, எந்தக் கறை என்று கேட்டுவிட்டுத்தான் டிசைன் சொல்வேன்.

கடைசியாக நனைப்பது. இரண்டு துணி சேர்கிற இடத்தில் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் தையல் நெளிந்துபோகும். அதற்கப்புறம் எந்த இஸ்திரியும் நிமிர்த்தாது. காட்டன் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுலபமாகச் சுருங்கும், கைத்தறி இன்னும் கூட. லைனிங்கையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனி வாளியில் ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். கல் உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள்; உப்பு சாயத்தைக் கட்டிப்போட்டு நான் பார்க்கவில்லை. காலையில் வாளித் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். லேசாகக் கலங்கியிருந்தால் பரவாயில்லை. அடர்ந்து இறங்கியிருந்தால் ஈர வெள்ளைத் துணியை அதன் மேல் வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெளிர் பிரிண்ட்டோடு சேர்க்கவே கூடாது. தனியாகப் பாவாடைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்வது என்னிடம் தைக்கிறவர்களுக்கும்தான். தீபாவளி போனஸ் கைக்கு வந்து, அன்று சாயங்காலமே துணி எடுத்து, மறுநாள் காலை "முந்தின நாளாவது குடுத்துருங்க மதினி" என்று வந்து நின்றால், நனைக்க நேரம் இருக்காது, கயிற்றில் போட்டுத் தூர நின்று பார்க்கவும் நேரம் இருக்காது. வீட்டில் ஏற்கெனவே கிடக்கிற பழைய சேலை, வீட்டுக்காரர் உடுத்தாத கட்டச் சட்டை, மிச்சம் கிடக்கிற ஜாக்கெட் துணி எல்லாவற்றையும் ஆவணியிலேயே ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து தாருங்கள். எது எதோடு சேரும் என்று பார்த்து, நனைத்துக் காயப்போட்டு, மடித்து எடுத்து வைக்கிறேன். போனஸில் இன்னும் என்ன எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டும் எழுதித் தருகிறேன்; அதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டி வாங்குங்கள்.